அப்டேட் போடலாமா, வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்தால் முன்பெல்லாம் பேச்சு அகவிலைப்படி, மூட்டுவலி, பேரப்பிள்ளைகள் என்று போகும். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. “டீச்சர், உங்க லேப்டாப்ல விண்டோஸ் 11 போடச் சொல்லி வருதா? போட்டுட்டீங்களா?” போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் மட்டும் மூன்று பேர் இதைக் கேட்டார்கள். மூன்று பேருக்கும் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் முழுசாக இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நம்மில் பலருடைய கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அது வெளிவந்தது 2015 ஜூலை 29 அன்று. அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அடுத்ததான விண்டோஸ் 11, 2021 அக்டோபரிலேயே வந்துவிட்டது. தகுதியுள்ள கணினிகளுக்கு அதை இலவசமாகவே தருகிறார்கள்.

“ஆதரவு முடிந்தது” என்றால் பலர் பயந்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் கணினி ஓடாது என்று அர்த்தமில்லை. கணினி ஓடும், கோப்புகள் திறக்கும், யூடியூப் பார்க்கலாம். நம் ஓட்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் வந்து உடைந்த ஓட்டை மாற்றிக் கொடுத்த ஆள் இனிமேல் வரமாட்டார், அவ்வளவுதான். வீடு அப்படியே நிற்கும். எங்கே ஒழுகும், எப்போது ஒழுகும் என்பது மட்டும் தெரியாது.

விண்டோஸ் போன்ற பெரிய மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. கண்டுபிடித்தவுடன் அதை அடைத்து அனுப்புவார்கள். மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் அப்டேட் பெரும்பாலும் அதற்குத்தான். ஆதரவு முடிந்த பிறகு அந்த அடைப்பு வராது. ஆனால் ஓட்டையைத் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். ஓய்வூதியம் வரும் வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் திறக்கிறவர்கள் இதைச் சும்மா விட முடியாது.

இதில் இரண்டு கட்சி இருக்கிறது. “வந்த அன்றே போட்டுவிட வேண்டும்” என்பது ஒன்று. “நல்லா ஓடுறதைக் கெடுத்துக்காதே” என்பது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் சாட்சி உண்டு.

முதல் கட்சிக்குச் சாட்சி 2017. அந்த வருஷம் மே 12-ஆம் தேதி ‘வானாக்ரை’ என்ற தீநிரல் உலகமெங்கும் பரவியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்றது. சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகள் மாட்டின. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளின் சந்திப்புகளையும் அறுவைச் சிகிச்சைகளையும் தள்ளிவைக்க வேண்டி வந்தது. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதம் இருந்தது. மாட்டியவர்களில் பெரும்பாலோர் அதைப் போடாதவர்கள்.

இரண்டாம் கட்சிக்குச் சாட்சி 2018. அந்த அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. முந்திக்கொண்டு போட்டவர்களில் சிலருடைய ஆவணங்களும் படங்களும் அழிந்துபோயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. சரிசெய்து மறுபடி வெளியிட்டது நவம்பர் நடுவில். ஒன்றரை மாதம் பொறுத்திருந்தவர்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

ஒன்றில் தாமதித்தவர்கள் மாட்டினார்கள், மற்றதில் அவசரப்பட்டவர்கள் மாட்டினார்கள். அப்படியானால் எது சரி? இரண்டும் வேறு வேறு வகை அப்டேட் என்பதைக் கவனித்தால் குழப்பம் தீரும். 2017-இல் வந்தது ஓட்டை அடைக்கும் சின்ன அப்டேட். அதைத் தள்ளிப்போடக் கூடாது. 2018-இல் வந்தது வீட்டையே மாற்றிக் கட்டும் பெரிய அப்டேட். அதற்குக் கொஞ்சம் பொறுக்கலாம், பிறர் அனுபவத்தைப் பார்க்கலாம். ஆனால் ஓட்டை அடைக்கிற ஆள் வருவது நிற்கும் நாளைத் தாண்டிப் பொறுக்கக் கூடாது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மடிக்கணினி 2018-இல் வாங்கியது. ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், பள்ளிக் கணக்குகளை வீட்டிலும் பார்க்க வசதியாக இருக்கும் என்று வாங்கினேன். அதில் என் சொந்த வேலை கொஞ்சம்தான். முக்கியமானது என் கணவருடையது.

அவரும் ஆசிரியர்தான், தமிழாசிரியர். எங்கள் அருப்புக்கோட்டை நெசவாளர் ஊர் என்பது பலருக்குத் தெரியும். அவர் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தே வளர்ந்தவர். கைத்தறிகள் ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தபோது, தறியோடு சொல்லும் போய்விடும் என்று அவருக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வயதான நெசவாளர்கள் வீட்டுக்குப் போவார். பாவு, ஊடை, நாடா என்பவை எல்லாருக்கும் தெரிந்தவை. நெய்த துணி சுருளும் ‘படமரம்’, பாவு இழைகளைத் தூக்கித் தாழ்த்துகிற ‘விழுது’, நாடாவுக்குள் வைக்கிற ‘தார்’, தெருவில் நீளக் கட்டிக் கஞ்சி போட்டுப் ‘பாவு ஆற்றுவது’, இழை அறுந்தால் ஒரு சொல், சிக்கினால் ஒரு சொல் என்று சுமார் 1,800 சொற்கள் சேர்த்தார். ஒவ்வொன்றுக்கும் பொருள், யார் சொன்னது, எந்தத் தெரு, எந்த வருஷம் என்ற குறிப்பு வேறு.

அதையெல்லாம் நோட்டிலிருந்து கணினியில் ஏற்றியது 2000-க்குப் பிந்தைய வருஷங்களில். அந்தக் காலத்தில் கணினியில் தமிழ் அடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் அதே கோப்பு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவர் பயன்படுத்தியது எங்கள் ஊர் டி.டி.பி. கடை ஒன்றில் வாங்கிவந்த எழுத்துரு. அந்தக் கடை மூடி வெகுகாலம் ஆகிறது. கணினி மாறும்போதெல்லாம் அவரே அந்த எழுத்துருவைப் பத்திரமாக எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்வார். கடைசியாகப் போட்டது இந்த மடிக்கணினியில். அவர் தவறி ஐந்து வருஷம் ஆகிறது. நோட்டுகள் பாதி செல்லரித்துவிட்டன.

இந்த நிலையில்தான் திரை முழுக்க அந்த அறிவிப்பு வந்தது. ‘விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்’ என்று ஒரு பொத்தான், ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒரு பொத்தான். ‘இதில் என் கணவரின் இருபது வருஷ உழைப்பு இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகாதே?’ என்று கேட்பதற்குப் பொத்தான் இல்லை.

சென்னையில் இருக்கும் மகனிடம் கேட்டேன். “பேசாம போட்ரும்மா. நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போ. ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும்” என்றான். “இல்லாமப் போச்சுன்னா?” என்றேன். “போகாதும்மா” என்றான். அவன் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல் மற்ற கோப்புகளுக்குப் போதும், இதற்குப் போதாது.

கணினிக் கடைத் தம்பியிடம் கேட்டேன். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பையன். “கொண்டாங்க டீச்சர், ஃபார்மட் பண்ணிப் புதுசா ஓ.எஸ். போட்டுத் தர்றேன். சாயங்காலம் வாங்கிக்கலாம். வண்டி பறக்கும்” என்றான். அன்பாகத்தான் சொன்னான். இந்த இடத்தை எல்லாரும் கவனிக்க வேண்டும். மேம்படுத்துவது என்பது வேறு, ஃபார்மட் செய்து புதிதாகப் போடுவது என்பது வேறு. மேம்படுத்தினால் வழக்கமாக நம் கோப்புகள், மென்பொருள்கள், எழுத்துருக்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபார்மட் என்றால் கரும்பலகையை ஈரத்துணியால் துடைப்பது மாதிரி. கடைக்காரர் ‘மை டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை மட்டும் நகல் எடுத்து வைத்துவிட்டுத் துடைத்துவிட்டால், கோப்பு திரும்ப வரும், எழுத்துரு வராது. கோப்பு இருந்தும் படிக்க முடியாது.

உடன் வேலை பார்த்த ஒரு டீச்சர் சொன்னது மூன்றாவது யோசனை: “அதை எதுக்கு டீச்சர் தொடணும்? இன்டர்நெட்டைப் பிடுங்கிட்டு அப்படியே வச்சுக்கிடுங்க.” இதிலும் நியாயம் இருக்கிறது. இணையத்தில் இணைக்காத கணினிக்கு வெளியிலிருந்து வரும் ஆபத்து மிகவும் குறைவு. ஆனால் எட்டு வயதுக் கணினியின் ஹார்ட் டிஸ்க் தானாகவே நின்றுபோனால்? அதற்கு விண்டோஸ் 10 என்றும் 11 என்றும் வித்தியாசம் தெரியாது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே மாற்ற வேண்டும். ‘அப்டேட் போடலாமா?’ என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ‘இந்தக் கணினிக்குள் போனால் திரும்பி வராதது எது?’ விண்டோஸ் போனால் மறுபடி போடலாம். கணினியே போனாலும் வேறு வாங்கலாம், செலவுதான். திரும்பி வராதது அந்த 1,800 சொல். அது ஒரே ஓர் இடத்தில் இருப்பதுதான் ஆபத்து. அப்டேட் வந்ததால் அந்த ஆபத்து வரவில்லை. ஐந்து வருஷமாக இருந்ததை அப்டேட் காட்டிக்கொடுத்தது.

ஆகவே முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் வீட்டுப்பாடத்தை ஆரம்பித்தேன். செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

ஒன்று: நகல். ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மகன் வீட்டுக் கணினியில் ஒன்று. கோப்புகளை மட்டுமல்ல, அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து. விண்டோஸில் எழுத்துருக்களுக்கென்று தனிக் கோப்புறை இருக்கிறது, அங்கிருந்து எடுக்கலாம். நகல் எடுத்தபின் அதை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நம்பக் கூடாது.

இரண்டு: பி.டி.எஃப். எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும்படி அத்தனை கோப்பையும் பி.டி.எஃப். ஆக்கினேன். இனி எந்தக் கணினியிலும் கைபேசியிலும் தமிழாகவே தெரியும். திருத்த முடியாது, படிக்கலாம்.

மூன்று: ஒருங்குறி. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருங்குறி என்பது ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்ற ஏற்பாடு. 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பதிவும் அதில்தான் இருக்கிறது. மாற்றியதும் முழுக்கச் சரியாக வந்துவிடவில்லை. சில இடங்களில் கொம்பும் காலும் இடம் மாறின. சில எழுத்துகள் கட்டங்களாக நின்றன. வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பி.டி.எஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தினம் காலையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஐந்து வாரம் ஆனது.

அந்த ஐந்து வாரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் போன பிறகு அந்தக் கோப்பை நான் திறந்ததே இல்லை. திறக்க மனம் வரவில்லை. இப்போது வேறு வழியில்லாமல் ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். முப்பத்தேழு சொற்களுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ‘மறுபடி கேட்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். சொன்னவர்களின் பெயர்களைப் பார்த்தேன். பெரும்பாலோர் இப்போது இல்லை. ஒரு பாட்டி மட்டும் இருந்தார், எண்பது தாண்டியவர். போய்ப் பார்த்தேன். “உங்க சார் இதைக் கேட்டுட்டுப் போனவர்தான், மறுபடி வாரேன்னாரு” என்றார். பதினொரு சொல்லுக்கு விளக்கம் சொன்னார். கேள்விக்குறியை எடுத்துவிட்டு, அவர் எழுதும் முறையிலேயே தெருவையும் வருஷத்தையும் குறித்தேன். மீதி இருபத்தாறும் கேள்விக்குறியோடே இருக்கின்றன. இருக்கட்டும். கேள்வி இருந்தது என்பதாவது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நான்கு: கணினிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பு, அவர்கள் பட்டியலில் உள்ள சிப் ஆகியவை வேண்டும். டி.பி.எம். என்பது பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் சின்னப் பெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். பல கணினிகளில் அது இருந்தும் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். சிப்பை அறிய எளிய வழி உண்டு. இன்டெல் என்றால் ‘ஐ5’ போன்ற பெயருக்குப் பின்னால் ஒரு எண் வரும். 8250 என்றிருந்தால் முதல் இலக்கம் 8, எட்டாம் தலைமுறை. 7200 என்றால் ஏழாம் தலைமுறை. பொதுவாக எட்டும் அதற்கு மேலும் தேர்ச்சி. ஏழில் ஓரிரண்டு விதிவிலக்கு தவிர மற்றவை தேர்ச்சியில்லை. ‘பிசி ஹெல்த் செக்’ என்ற மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலியே சோதித்துச் சொல்லிவிடும். என்னுடையது 8250. தேறிவிட்டது.

ஐந்து: மீட்புச் சாவி. சில கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பெரிய மாற்றங்களின்போது அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கலாம். அந்த எண் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே பார்த்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கணினிக்குள்ளேயே எழுதி வைத்துப் பயனில்லை.

ஆறு: அச்சுப்பொறி. பழைய அச்சுப்பொறிக்குப் புதிய விண்டோஸில் வேலை செய்யும் டிரைவர் இருக்கிறதா என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது 1978. தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்த வருஷம். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை மாதிரி வளைவு போட்டு எழுதிய பழைய வடிவம் போய், இப்போதைய வடிவம் வந்தது. ணா, றா, னா எழுத்துகளும் மாறின. நான் அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். பள்ளியில் ஒரு மாதிரி எழுதிப் பழகிவிட்டு, பயிற்சியில் வேறு மாதிரி எழுதிப் பழகிய தலைமுறை நாங்கள். கை கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். என் அப்பா கடைசிவரை பழைய எழுத்திலேயே கடிதம் எழுதினார். எங்களுக்கு அதைப் படிப்பதில் சிரமம் இருந்ததில்லை. வீட்டில் இருந்த பழைய புத்தகங்களும் வாசிக்க முடியாமல் போகவில்லை. புதுசு வந்தது, பழசும் படிக்கக் கிடைத்தது. அதனால்தான் அந்த மாற்றம் நம்மிடம் நிலைத்தது என்று நினைக்கிறேன். கணினி மாற்றத்திலும் நான் கேட்பது அவ்வளவுதான். புதுசு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், பழசைப் படிக்க முடிய வேண்டும். அந்த வேலையைக் கணினி தானாகச் செய்யாது. நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஐந்து வாரம் முடிந்தபோது என் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சொற்கள் ஒருங்குறியில் மூன்று இடத்தில் இருக்கின்றன. இனி இந்தக் கணினி என்ன ஆனாலும் அவை போகாது. அதன்பிறகு ‘போடலாமா’ என்ற கேள்வி ரொம்பச் சின்னதாகிவிட்டது. ஓய்வூதியக் கணக்கை இதில்தான் பார்க்கிறேன். ஓட்டை அடைக்க ஆள் வேண்டும். தகுதியும் இருக்கிறது. போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சார்ஜரைச் செருகிவைத்துவிட்டு ஆரம்பித்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. இடையில் சில முறை அதுவாகவே அணைந்து எழுந்தது. அந்த நேரத்தில் பதறி எதையும் அமுக்காமல் இருப்பதுதான் நம் வேலை. கோப்புகள் இருந்தன. பழைய எழுத்துருவும் இருந்தது. ‘ஸ்டார்ட்’ பொத்தான் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. அமைப்புகளில் போய் மறுபடி இடது ஓரத்துக்கே நகர்த்திக்கொண்டேன். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் விண்டோஸ் 10-க்கே திரும்பிப் போகவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்து நாளில் வங்கித் தளம், அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை.

என் தோழியின் கதை வேறு. அவர் கணினி 7200, ஏழாம் தலைமுறை. நன்றாக ஓடுகிற கணினிதான், ஆனால் பட்டியலில் இல்லை. “நல்லா இருக்கிறதைத் தூக்கிப் போடச் சொல்றாங்களா டீச்சர்?” என்று வருத்தப்பட்டார். பட்டியலை மீறிப் போடும் குறுக்குவழிகளும் இணையத்தில் இருக்கின்றன. அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் கொடுப்பதில்லை. அதனால் அதை அவருக்குச் சொல்லவில்லை. நேர்வழி இரண்டு இருக்கிறது.

ஒன்று, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு. வீட்டுப் பயன்பாட்டாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓட்டை அடைக்கும் அப்டேட்களைத் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் தனிக் கட்டணம் இல்லை. அப்படி வேண்டாம் என்றால் 30 டாலர் அளவில் ஒருமுறை கட்டணம். நாமாகப் பதிவு செய்தால்தான் கிடைக்கும், தானாக வராது. இது தீர்வு அல்ல, தவணை.

இரண்டு, லினக்ஸ். இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழ் எழுதலாம், தமிழ்99-உம் உண்டு. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் வருஷக்கணக்காக அதில்தான் படிக்கிறார்கள். 2011-இல் தொடங்கிய நம் அரசின் விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றிலும் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். ஆனால் விண்டோஸுக்கென்றே உள்ள சில மென்பொருள்கள் அதில் ஓடாது. பழகவும் கொஞ்ச நாள் ஆகும்.

தோழி முதல் வழியை எடுத்திருக்கிறார். கிடைத்த தவணைக்குள் பேத்தியிடம் லினக்ஸ் பழகிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறார். அவருக்கு அது சரி. இருவரும் வேறு வேறு முடிவு எடுத்தோம், இருவருமே நகலை முதலில் எடுத்தோம்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகள் போடு என்பார்கள், கடைக்காரர் கொண்டுவா என்பார், திரையும் தினம் கேட்கும். அவர்களில் யாருக்கும் உங்கள் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால் முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். ‘எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா’ என்று நாற்பது வருஷம் பாடம் நடத்தியவர்கள் சொல்லக் கூடாது. கற்றுக்கொடுத்தவர்களுக்குக் கற்றுக்கொள்வது புதுசா என்ன?

கடைக்குக் கொடுப்பதானால் “மேம்படுத்துங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கூடவே, பழைய எழுத்துருவில் அடித்த கவிதையோ, ஊர் வரலாறோ, பள்ளி ஆண்டுமலரோ, பெரியவர்களின் கடிதமோ உங்கள் கணினியில் எங்காவது கிடக்கலாம். இந்த வாரமே தேடி எடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றத் தெரியாதவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். காலையில் அந்த ஒன்றரை மணி நேரம் இப்போது சும்மாதான் இருக்கிறது.